டாக்டரா, எஞ்சினீயரா?

"ஏம்மா, நீ பத்திரிகைக்காரி. உனக்குத் தெரியாமல் இருக்காது. இந்தப் பெண் 'பயோமெடிக்கல் எஞ்சினீயரிங்' என்று என்னவோ சொல்கிறாளே, அதைப் படித்தால் டாக்டர் ஆவாளா, எஞ்சினீயர் ஆவாளா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கையில் காப்பித் தம்ளருடன் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து அடுத்த வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது.

"எஞ்சினீயர்தான் அக்கா. ஆனால் பாதி நேரம் டாக்டர்களோடு நிற்க வேண்டியிருக்கும்" என்றேன்.

"பார்த்தாயா, நீயும் அவளைப் போலவே பேசுகிறாய்!" என்று அலுத்துக்கொண்டார்.

அக்காவின் அலுப்பில் நியாயம் இருக்கிறது. பெண் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் பி.இ. முடித்துவிட்டாள். சாப்ட்வேர் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்கு உத்தரவும் வந்துவிட்டது. முதல் தேதி பிறந்தால் சம்பளம் என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்த சமயத்தில், அவள் 'கேட்' பரீட்சை எழுதித் தேறி, எம்.டெக். படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். கேட் தேறிப் படிக்கிறவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவித் தொகை மாதம் 12,400 ரூபாய். கம்பெனிச் சம்பளத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. "வருகிற லட்சுமியை வாசலிலேயே நிறுத்தி, இரண்டு வருஷம் கழித்து வா என்கிறாள்" என்பது அவள் அப்பாவின் கட்சி. அதோடு விட்டாரா? "ஆஸ்பத்திரி மிஷினை ரிப்பேர் பண்ணுவதற்கு ஒரு எம்.டெக்.கா?" என்றும் கேட்டுவிட்டாராம். அன்று இரவு பெண் சாப்பிடவில்லை.

அக்காவுக்கு வேறு கவலை. பெண்ணுக்கு இப்போது இருபத்தொன்று. படித்து முடிக்கும்போது இருபத்து மூன்றோ இருபத்து நாலோ. "அதற்கப்புறம் வேலை, அதற்கப்புறம் இன்னொரு படிப்பு என்றால் நான் எந்தக் காலத்தில் ஜாதகத்தை எடுப்பது?"

அன்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். தெரிந்தது கொஞ்சம்தான். அதற்குப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டது நிறைய. இதே கேள்வியோடு இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை அக்காமார் காப்பித் தம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்களோ! வாசகிகளே, உங்களுக்காகத்தான் இது.

ஒரு நர்ஸ் கண்டது

இந்தப் படிப்பின் சாரத்தை எனக்குப் புரியவைத்தது ஒரு கதை. 1956-ல் நடந்தது. இங்கிலாந்தில் எஸெக்ஸ் மாகாணத்தில் ராச்போர்டு என்ற ஊரின் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தலைமை நர்ஸ் ஒருவர் இருந்தார். பெயர் சிஸ்டர் வார்டு. குழந்தைகளுக்குக் காற்றும் வெயிலும் நல்லது என்பது அவர் கொள்கை. வெயில் அடிக்கிற நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் டாக்டர்கள் வார்டைச் சுற்றிவரும்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் குறைந்து வெளுத்திருக்கிறது. ஒரு முக்கோண இடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள். "அங்கே ஏதாவது மருந்து தடவினீர்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை. போர்வையின் முனை அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வெயில் பட்ட இடத்தில் காமாலை வடிந்திருக்கிறது, படாத இடத்தில் நின்றுவிட்டிருக்கிறது!

அதே ஆஸ்பத்திரியில், ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்துவிட்ட ஒரு ரத்தக் குழாயைப் பிற்பாடு சோதித்தார்கள். காமாலையை உண்டாக்கும் 'பிலிருபின்' என்ற பொருள் அதில் குறைந்திருந்தது. வெளிச்சத்தில் எந்த நிறத்துக்கு இந்தச் சக்தி என்று ஆராய்ந்ததில் அது நீலம் என்று தெரிந்தது. நீலக் குழல் விளக்குகளை வைத்து ஒரு தொட்டில் விளக்கு செய்தார்கள். 1958-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். இன்று நம் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறார்களே, அதன் பூர்வோத்தரம் இதுதான்.

(ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டுக் காமாலைக் குழந்தையை மாடி வெயிலில் போட்டுக் குணப்படுத்தலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அளவு மீறிய காமாலை குழந்தையின் மூளையையே கெடுத்துவிடும். டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.)

இதில் எம்.டெக். எங்கே வந்தது என்கிறீர்களா? இங்கேதான் வருகிறது. விளக்கு எரிகிறது, சரி. குழந்தையின் தோலில் போய் விழுகிற நீல வெளிச்சம் எவ்வளவு? நமக்கு வெளிச்சம் வெளிச்சம்தான். ஆனால் குழல் பழசானால், நம் கண்ணுக்குப் பளபளவென்று எரிந்துகொண்டே, வைத்தியம் செய்கிற நீலம் மட்டும் தேய்ந்துபோய்விடும். விளக்கை ஒரு முழம் தள்ளி உயரத்தில் மாட்டினாலும் அப்படியே. தூசி படிந்தாலும் அப்படியே. தீவிர வைத்தியத்துக்கு இத்தனை அலகு வெளிச்சமாவது வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அதை அளக்கக் கையடக்கமான கருவியும் இருக்கிறது. அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? விளக்கு எரிகிறது, தாயார் தெய்வத்தை வேண்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், குழந்தைக்கு வைத்தியமே நடக்கவில்லை!

பி.இ. படித்தவருக்கு விளக்கைச் செய்யத் தெரியும். டாக்டருக்குக் காமாலையைத் தெரியும். விளக்குக்கும் குழந்தைக்கும் நடுவே இருக்கிற அந்த ஒன்றரை அடி இடைவெளி யாருடையது? அந்த இடைவெளிக்குத்தான் இந்த மேல்படிப்பு.

அலாரத்தின் வாயை அடைத்த பிளாஸ்திரி

இதைப் படித்து முடித்து இப்போது வேலையில் இருக்கிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். படிக்கும் காலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பகுதிக்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனதும் அவள் முதலில் பார்த்தது குழந்தையை அல்ல, யந்திரத்தை. எஞ்சினீயர் புத்தி! பார்த்தால், ரத்தத்தில் பிராணவாயு அளவைக் காட்டுகிற ஒரு யந்திரத்தின் அலாரம் ஒலிக்கிற துளையின் மேல் யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள்!

"எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. குழந்தை மூச்சு விடாமல் போனால் இந்த யந்திரம் கத்திச் சொல்ல வேண்டும். அதன் வாயையே அடைத்துவிட்டார்களே என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன்" என்றாள்.

நர்ஸ் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "இன்று ராத்திரி ஷிப்டுக்கு என்னோடு இரு" என்று மட்டும் சொன்னாராம்.

இருந்தாள். விடிவதற்குள் அவளுக்கே பைத்தியம் பிடிக்கும் போலாகிவிட்டது. குழந்தையின் பாதத்தில் கட்டிய சிறு விளக்கின் ஒளி தோலினூடே பாய்வதை வைத்துத்தான் அந்த யந்திரம் அளக்கிறது. குழந்தை காலை உதைத்தால் ஒளி கலையும். உடனே 'ஆபத்து, ஆபத்து' என்று கத்தும். குழந்தை என்றால் காலை உதைக்காமல் இருக்குமா? பத்துத் தொட்டிலில் பத்து யந்திரம். எல்லாம் மாற்றி மாற்றிக் கத்தினால், உண்மையான ஆபத்து எது என்று எந்தக் காதுக்குத் தெரியும்? 'புலி வருது, புலி வருது' கதைதான். களைத்துப்போன ஒரு கை பிளாஸ்திரியை எடுத்துவிட்டது.

மறுநாள் காலை அவள் பேராசிரியரிடம் போய், தனக்கு ஆராய்ச்சிப் பொருள் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். உதைக்கிற காலையும், உண்மையிலேயே குறைகிற பிராணவாயுவையும் யந்திரம் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் அது. ஒரு வருஷம் அதே வேலை. முழு வெற்றி என்று அவள் சொல்லவில்லை. "பாதி வீண் கூப்பாட்டைக் குறைத்தேன். மீதிப் பாதியோடு அந்த நர்ஸ் இன்னும் மல்லாடிக்கொண்டிருப்பார்" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

இது ஒரு வகை. இன்னொரு வகை, காதுக்கு எட்டாததை எட்ட வைக்கும் வித்தை. நம் இதயம் எழுப்பும் மின்சாரம் தோலின் மேல் ஒரு மில்லிவோல்ட் அளவில் இருக்கும்; சாதாரண டார்ச் செல்லில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு. வீட்டுச் சுவரில் ஓடுகிற மின்சாரத்தின் இரைச்சலே அதை அமுக்கிவிடும். இதற்கே இந்தப் பாடு என்றால், கர்ப்பிணியின் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் துடிப்பை என்னவென்று சொல்வது? கெட்டிமேளம் கொட்டுகிற மண்டபத்தில் தூளியிலிருக்கிற குழந்தை சிணுங்குகிற மாதிரிதான். தாயின் மார்பில் ஓர் ஒயரையும், வயிற்றில் ஓர் ஒயரையும் வைத்து, மார்பில் கேட்பதை வயிற்றில் கேட்பதிலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது குழந்தை. 1975-ல் பெர்னார்டு விட்ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த யுக்தியை விளக்கினார்கள். சொல்லுவதற்கு எளிது. இதைச் செய்ய எம்.டெக். மாணவர்கள் போடுகிற கணக்கைப் பார்த்தேன், தலை சுற்றியது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் உள்ள பந்தத்தைக் கணக்கில் கழிப்பது லேசா என்ன?

மூன்று தோல்வி

அக்காவின் சின்னம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் சிறுமியாக இருந்தபோது தொண்டைப் புண் வந்து, பிறகு காய்ச்சலும் மூட்டு வலியுமாகப் படுத்தாராம். 'வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் மூட்டோடு போகவில்லை, இதய வால்வையும் அரித்துவிட்டுப் போனது. இதைத்தான் 'ருமாட்டிக்' காய்ச்சல் என்கிறார்கள். முப்பது வயதுக்கு மேல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரையை நிறுத்த வேண்டாம், ஆனால் வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பக்கத்தில் படுத்தால், அவர் நெஞ்சிலிருந்து கடிகாரம் போல ஒரு மெல்லிய 'டிக், டிக்' கேட்கும்.

ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். இத்தனை தடவை திறந்து மூடவேண்டிய ஒரு கதவை எதனால் செய்வது?

இதற்கு விடை காண நம் பக்கத்து ராஜ்யத்தில் பட்ட பாடு, இந்தப் படிப்பை நினைக்கிற ஒவ்வொரு மாணவியும் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம். திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் ராஜகுடும்பம் கொடுத்த கட்டடத்தில் எழுந்தது ஸ்ரீசித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரி. 1974-ல் அங்கே வந்து பொறுப்பேற்றவர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை நிபுணர். அயல்நாட்டு வால்வுகளின் விலையோ நம்மவர்களுக்கு எட்டாத விலை. வலியத்தான், "நாமே செய்வோம்" என்றார். ஆபரேஷன் செய்கிற டாக்டரும், ஜி. எஸ். புவனேஷ்வர் போன்ற எஞ்சினீயர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால் ரசிப்பீர்கள்: பூஜப்புரையில் ராணி சேது லட்சுமிபாய்க்காகக் கட்டிய ஸாடல்மண்ட் அரண்மனையில்! ராணி வாசம் செய்த இடத்தில் சோதனைச்சாலை.

முதல் வால்வு டைட்டேனியம் உலோகத்தால் ஆனது. பற்றவைத்த இடம் தாங்கவில்லை. இரண்டாவதற்குக் கதவாக நீலமணிக் கல்லை வைத்தார்கள். சோதனைச்சாலையில் விளைவித்த நீலமணி. அதன் கடினத்துக்கு டைட்டேனியம் ஈடுகொடுக்காமல் தேய்ந்தது. மூன்றாவதற்கு உலோகத்தை மாற்றினார்கள். யந்திரச் சோதனையில் தேறியது. ஆடுகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் ஓர் ஆடு இறந்தது. அறுத்துப் பார்த்தால், நீலமணிக் கதவு உடைந்து கிடந்தது.

அந்த அறையில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். வருஷக் கணக்கான உழைப்பு, சர்க்கார் பணம், 'இதெல்லாம் நமக்கு எதற்கு, வெளிநாட்டிலிருந்து வாங்கினால் போச்சு' என்று சொல்லக் காத்திருக்கிற வாய்கள். 'ஓர் ஆடுதானே' என்று மழுப்பியிருந்தால் யாருக்குத் தெரியும்? மழுப்பவில்லை. நீலமணியைத் தூக்கி எறிந்துவிட்டு, கதவுக்கு மிகக் கடினமான ஒரு வகைப் பாலிதீனை எடுத்தார்கள். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்குத் தூரத்து உறவு! உலோகச் சட்டத்தில் அந்தப் பிளாஸ்டிக் தட்டு. சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். நாலாவது வால்வு நின்றது. மறுபடியும் யந்திரச் சோதனை, மறுபடியும் ஆடுகள். 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தினார்கள். பிறகு நம் சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விற்க முன்வந்தது. ஆமாம், உங்கள் அடுப்பில் விசில் அடிக்கிற பிரஸ்டீஜ் குக்கருக்குச் சொந்தக்காரர்கள்தாம். குக்கரிலும் ஒரு வால்வு, இதயத்திலும் ஒரு வால்வு! இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இன்று உலகத் தர விதிப்படி, உலோக வால்வு ஒன்று 40 கோடி தடவை திறந்து மூடிக் காட்ட வேண்டும். ஏறக்குறையப் பத்து வருஷத்து இதயத் துடிப்பு அது. அதைச் சில மாதங்களுக்குள் வேகமாக ஓட்டிப் பார்க்கிற யந்திரம் எப்படி, ஓட்டிய பிறகு தேய்மானத்தை எப்படி அளப்பது, எந்த உலோகத்தை ரத்தம் சகித்துக்கொள்ளும், எதைச் சகிக்காது என்பதெல்லாம் எம்.டெக். பாடங்கள். அக்காவின் வீட்டுக்காரர் சொன்ன ரிப்பேர் வேலைக்கும் ஆள் வேண்டும்தான். அதைக் கேவலமாக நினைக்க எனக்கு மனசு இல்லை. ஆனால் இந்தப் படிப்பு அதோடு நிற்பதில்லை.

எங்கே, எப்படி?

சென்னை ஐ.ஐ.டி.யும், இந்தச் ஸ்ரீசித்திரை நிலையமும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மூன்று பேராகச் சேர்ந்து 'கிளினிக்கல் எஞ்சினீயரிங்' என்ற எம்.டெக். படிப்பை நடத்துகிறார்கள். மாணவர்கள் மூன்று ஊரிலும் படிக்க வேண்டும். ஹாஸ்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற படிப்பு என்று சிலருக்குக் கசக்கலாம். எனக்கு அதுதான் அதன் சிறப்பாகத் தோன்றுகிறது. சென்னையில் கணக்கும் யந்திரமும், திருவனந்தபுரத்தில் அரண்மனைக்குள் கருவி பிறக்கிற விதமும், வேலூரில் கட்டிலில் படுத்திருக்கிற மனிதர்களும் என்றால், வேறு என்ன வேண்டும்?

இது தவிரச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு துறைக்கே இப்போது 'அப்ளைடு மெக்கானிக்ஸ் அண்டு பயோமெடிக்கல் எஞ்சினீயரிங்' என்று பெயர். கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் 'மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ்' எம்.இ. உண்டு. டில்லி ஐ.ஐ.டி., எய்ம்ஸ் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து 1971-லேயே இதற்கென்று ஒரு மையம் வைத்துவிட்டது. கரக்பூரில் வேடிக்கை வேறு மாதிரி: அங்கே எம்.பி.பி.எஸ். தேறிய டாக்டர்கள் வந்து மூன்று வருஷம் எஞ்சினீயரிங் கற்றுக்கொள்கிறார்கள். 'டாக்டருக்குக் கிடைக்காததால் இதற்கு வந்தாயா?' என்று உங்கள் பெண்ணை யாராவது கேட்டால், இதைச் சொல்லி அனுப்புங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிகல், மெக்கானிகல் என்று பல பாடக்காரர்களும் வரலாம். எந்த இடத்துக்கு எந்தப் பாடம் என்பது மாறும், விசாரித்துக்கொள்ள வேண்டும். கேட் பரீட்சையில் பயோமெடிக்கலுக்கென்றே தனித் தாள் 2020-லிருந்து இருக்கிறது. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க்கு. வாங்கிய மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். 'இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று வீட்டில் பேச்சு நடக்கும்போது இந்த மூன்று வருஷக் கணக்கு உபயோகப்படும்.

பெற்றோர் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். கல்லூரியின் வாசல் வளைவையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்காமல், "பக்கத்தில் ஆஸ்பத்திரி எது? பிள்ளைகள் அங்கே எத்தனை நாள் போகிறார்கள்? போய் என்ன செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். சில இடங்களில் ஆஸ்பத்திரி வாசனையே இல்லாமல் இரண்டு வருஷத்தை ஓட்டி, பட்டத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் படித்த கதை. அப்படிப்பட்ட இடம் என்றால் அவள் அப்பா சொல்வதே சரி. கம்பெனி வேலைக்கே போகலாம்.

வேலை? மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாப்ட்வேர் மாதிரி வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போகிற வேலை இல்லை. கருவி செய்கிற கம்பெனிகள், பெரிய ஆஸ்பத்திரிகள், ஆராய்ச்சி நிலையங்கள் என்று தேடிப் போக வேண்டும். கருவியை விற்கிற வேலைக்குப் போய், பெட்டியோடு ரயிலில் அலைகிறவர்களும் உண்டு. படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 2018 ஜனவரியிலிருந்து மருத்துவக் கருவிகளுக்கென்று தனிச் சட்ட விதிகள் அமலில் உள்ளன. ஆபத்தின் அளவுப்படி கருவிகளை நாலு வகுப்பாகப் பிரித்து, சோதித்துக் காட்டினால்தான் விற்கலாம் என்கிறார்கள். சோதிக்கவும், சோதித்ததை எழுதிக் காட்டவும் ஆள் வேண்டுமே! அந்தப் பக்கம் தேவை கூடியிருக்கிறது. ஆனாலும் முதல் சில வருஷங்களில், கம்பெனி வேலைக்குப் போன தோழியின் சம்பளத்தை எட்ட முடியாமல் போகலாம். அதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

பெண்களுக்கு ஏற்றதா என்று அக்கா கேட்டார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசனின் குழு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள் என்றேன். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிறர் உதவியில்லாமல், தானே கைப்பிடியை இயக்கி எழுந்து நிற்கிற நாற்காலி 2019-ல் அவர்கள் வெளியிட்டது. அதற்கு 'எழு' என்கிற அர்த்தத்தில் 'அரைஸ்' என்று பெயர். முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்காக 2022-ல் செய்த செயற்கை மூட்டுக்குக் 'கதம்' என்று பெயர். இந்தியில் அடி என்று பொருள். அந்த ஆராய்ச்சி மையத்தின் பெயரிலும் டி.டி.கே.தான் இருக்கிறது. குக்கர் நம்மை விடாது போலிருக்கிறது!

உட்கார்ந்தே இருந்த ஒருவர் எழுந்து நின்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து தானே ஒரு டப்பாவை எடுப்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று, அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா இத்தனையையும் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரி, இதை அவரிடம் யார் சொல்வது?" என்று எழுந்து போனார்.

நான் சொல்லவில்லை, பெண்ணும் சொல்லவில்லை. போன வாரம் சின்னம்மா வந்திருந்தார். ராத்திரி மின்சாரம் போய், மின்விசிறி நின்று, வீடே நிசப்தமாகிவிட்டது. கூடத்தில் எல்லாரும் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்க, அந்த 'டிக், டிக்' தெளிவாகக் கேட்டிருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் சிறிது நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். "இதை யார் செய்தது, சின்னம்மா?" என்று கேட்டாராம்.

"யாரோ மகராசன், எனக்கென்ன தெரியும்? டாக்டர் வைத்தார்" என்றாராம் சின்னம்மா.

பெண் வாயைத் திறக்கவில்லை. மின்சாரம் வந்தது, எல்லாரும் படுக்கப் போனார்கள்.

மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அவர் மனைவியிடம் கேட்டாராம்:

"ஏன், அந்த ஹாஸ்டலில் சாப்பாடெல்லாம் எப்படியாம்?"